ஓடுகிற வண்டிக்கு மேடை எதற்கு?

இன்ஜினைக் கழற்றச் சொன்ன நாள்

நான் ஓசூரில் ஒரு கம்பெனியின் தோட்டப் பிரிவில் டிராக்டர் ஓட்டினேன். பெரிய டிராக்டர் இல்லை. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும் கார்டன் டிராக்டர். கம்பெனி கட்டிய காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்தவர்களைக் கூப்பிட்டு அதன் அட்டாச்மென்ட்களைக் காட்டுவேன். முன்னால் மாட்டினால் டோசர் பிளேடு, மண் தள்ளும். வயிற்றுக்கு அடியில் மோவர் டெக், புல் வெட்டும். பின்னால் கல்டிவேட்டர், ரோஜாப் பாத்தியைக் கிளறும். அட்டாச்மென்ட்டை வண்டியோடு பிணைக்கும் ஹிட்ச் பின் ஒன்றைப் பிடுங்கிச் செருகினால் வேலையே மாறிவிடும். அதற்கப்புறம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் அட்மின் மேனேஜர் பால்துரை சார், திருநெல்வேலிக்காரர். அவருக்கும் அந்த வண்டி மேல் பைத்தியம். சாப்பாட்டு நேரத்தில் வந்து பானட்டைத் தடவிக்கொண்டு நிற்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் அவர் சொன்னது அவ்வளவு எரிச்சலாக இருந்தது.

"மாதம்மா, வண்டிய கேட் முன்னால கிரானைட் மேடை போட்டு நிறுத்தப் போறோம். உள்ள வாறவங்க பாத்து அசந்து போவாங்க. ஆயில் ஒழுகிக் கல்லு கறையாயிரும்லா, அதனால இன்ஜின மட்டும் கழத்திரலாம்."

"ஓடுற வண்டி சார் இது. இன்ஜின கழட்டிட்டா அதுல இன்னா இருக்குது? தகரந்தான் இருக்குது."

"பழைய வண்டிம்மா. பத்திரமா வைக்கணும்னுதான சொல்லுதேன்."

"உங்களயும் ரிட்டையர் ஆனதும் குடல உருவி ரிசப்ஷன்ல உக்கார வெச்சா சும்மா இருப்பீங்களா?"

பக்கத்தில் நின்ற மெக்கானிக் முனிராஜு தும்மல் வந்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டான். சார் முகம் சிவந்துவிட்டது. கடைசியில், ஆயுத பூஜை முடிந்ததும் இன்ஜினைக் கழற்றுவது என்று அவரே முடிவு செய்துவிட்டுப் போனார்.

எலுமிச்சம்பழம்

பூஜைக்கு முந்தின நாள் வண்டியைச் சாய்பலகை வழியாக மேடைமேல் ஏற்றினார்கள். அட்டாச்மென்ட்களை மேடைக்குக் கீழே வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். மோவர் பிளேடின் வெட்டுகிற முனையிலும் பெயிண்ட். அன்று மாலையே உட்கார்ந்து அந்த முனையை மட்டும் சுரண்டி, அரம் போட்டுத் தீட்டி வைத்தேன்.

ஆயுத பூஜையில் எங்கள் கம்பெனி வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பூசணிக்காய் உடைத்தபின், சக்கரமுள்ள எதுவானாலும் தன் இன்ஜினில் ஓடி எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் ஒவ்வொன்றாக ஹார்ன் அடித்துக்கொண்டு நகர்ந்தன. என் வண்டி முறை வந்தது. ஐயர் மேடை ஏறி நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தார்.

சார் சொன்னார்: "ரெண்டு பேரு லேசாத் தள்ளிவிடுங்கப்பா."

"யாரும் கை வைக்காதீங்க!" என்று கத்தினேன். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். "முனிராஜு, கயிறு!"

அவன் சாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, ரெண்டு பேருக்கும் சேத்து மெமோ வரும்."

"வரட்டும். வாங்கிக்கலாம். இழு."

அது கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்கிற இன்ஜின். சோக்கை இழுத்துப் பிடித்தேன். முதல் இழுப்பில் இருமியது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. பழங்கள் நசுங்கின. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த மனசில்லை. சாய்பலகை வழியாகக் கீழே இறக்கினேன். முனிராஜு சொல்லாமலே மோவர் டெக்கை மாட்டி பெல்ட்டைப் போட்டான். மாலையும் சந்தனமுமாக அந்த வண்டி கேட் முன்னாலிருந்த புல்வெளி முழுவதையும் வெட்டியது. ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் ஹார்னை விடவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

மெமோ வந்தது. கம்பெனிப் பொருளை அனுமதி இல்லாமல் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். "புல் வெட்ட எடுத்தேன். அது புல் வெட்டும் வண்டி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். ஆனால் அத்தனை பேர் பார்க்க ஓடிய வண்டியின் இன்ஜினைக் கழற்ற எந்த மெக்கானிக்கும் முன்வரவில்லை. மேடையில் பூந்தொட்டி வைத்தார்கள்.

இப்போது

புல்வெளி இருந்த இடத்தில் புது ஷெட் வந்தபோது வண்டியை ஸ்கிராப்பில் போட்டார்கள். அட்டாச்மென்ட்களோடு நான் எடுத்துக்கொண்டேன். ரிட்டையர் ஆகி என் ஊர் பாரூருக்கு வந்துவிட்டேன்; இங்கே என் தென்னைகளுக்கு நடுவே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பைத்தியம் பிடித்த சிலர் தங்கள் பழைய வண்டிகளோடு வருகிறார்கள். அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து கன்னடக்காரர்களும் உண்டு. யார் வண்டியில் எந்தக் கலப்பை பொருந்தும் என்று மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்போம்.

போன மாதம் பால்துரை சார் வந்தார். அவரும் ரிட்டையர் ஆகிவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் மெத்தென்ற துணி. நேராகப் போய் பானட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"துணிய கீழ வெய்ங்க சார். மொதல்ல ரெண்டு வரிசை ஓட்டுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதேம்மா."

இத்தனை வருஷம் தடவிப் பார்த்தவர், ஒரு தரம்கூட ஏறி உட்கார்ந்ததில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. உட்கார வைத்துக் கயிற்றை நானே இழுத்தேன். கல்டிவேட்டர் மண்ணைக் கிளறிக்கொண்டு கோணல்மாணலாகப் போனது. முட்டி இடிக்க, வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கினார். சட்டை முழுக்க ஆயில்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மிஷின் மேல் பிரியமா? அதற்கு வேலை கொடுங்கள். கூடாது என்று யார் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

சார் கொண்டுவந்த துணி வீணாகவில்லை. அவர் சட்டையைத் துடைத்துக்கொள்ள உதவியது.