விடியல் மணிக்குப் பர்னபாஷ் சொன்ன தீர்ப்பு

மிஷ்கோல்ட்ஸ் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பர்னபாஷைப் பார்வை மங்கியவர்களுக்கும் தெரியும், காட்டேரிச் சீட்டு ஆடுகிறவர்களுக்கும் தெரியும். ஹங்கேரியில் எந்த மூலையில் அந்த ஆட்டத்தில் தகராறு வந்தாலும் கடைசியில் அவருடைய கடைத் தொலைபேசிதான் அடிக்கும். வாடிக்கையாளரின் தாடையைக் கருவியில் பொருத்தி வைத்துக்கொண்டே பதில் சொல்வார்.

"கீழ் வரிசையைப் படிங்க, அம்மா... இல்லடா, உன்னைச் சொல்லல. ரத்தத்தைக் குடுத்துட்டுத்தான் ஓட்டெடுப்பு. முதல்ல ஓட்டு, அப்புறம் ரத்தம்னு எவன்டா சொன்னான்?"

ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒவ்வொருவரும் தமக்கு இடப்பக்கம் இருப்பவரை வேட்டையாட வேண்டும். வலப்பக்கம் இருப்பவர் தம்மை வேட்டையாடுவார். காட்டேரிகளுக்குச் சிவப்புக் கண்ணாடி மணிகள்தான் ரத்தம். ஆயிரக்கணக்கில் சீட்டுகள், ஒன்றில் எழுதியிருப்பது இன்னொன்றில் எழுதியிருப்பதோடு முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது கை தூக்கி நடுவரைக் கூப்பிடுவார்கள். பர்னபாஷ் வருவார், இரண்டு சீட்டையும் ஒரு தடவை பார்ப்பார், சொல்லிவிட்டுப் போய்விடுவார். யோசித்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. சட்டப் புத்தகத்தை ஹங்கேரிய மொழியில் பெயர்த்தவரே அவர்தான் என்பதால், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "தெரியலையே, பார்த்துச் சொல்றேன்" என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. அது ஒரு பெருமையாகவே அவருக்குள் ஊறிப்போயிருந்தது.

அந்த வசந்தத்தில் தேசியப் போட்டி மிஷ்கோல்ட்ஸிலேயே நடந்தது. பழைய தொழிலாளர் மன்ற மண்டபம். பிலியர்ட்ஸ் மேசைகளை ஓரம் கட்டி, ஆட்ட மேசைகளைப் போட்டிருந்தார்கள். ஏற்பாடு எல்லாம் பர்னபாஷின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் திஹமேர் செய்தது. எல்லை தாண்டி, கோஷித்சேயிலிருந்து, ராதோவன் என்ற ஸ்லோவாக்கியர் ரயிலேறி வந்திருந்தார். அங்கே டிராம் ஓட்டுகிறவர், ஒடிசலான உடம்பு. ஹங்கேரிய மொழி பேசுவார், ஆனால் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி. ஒரே ஓர் எழுத்து மட்டும் அவர் நாக்குக்கு வராது.

யாரும் எதிர்பார்க்காமல் அவர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். அவருக்கு வலப்பக்கம், அவரை வேட்டையாடும் இடத்தில், உள்ளூர் மருத்துவமனைத் தாதி பொக்லார்கா. மேசையைச் சுற்றி மண்டபமே கூடி நின்றது.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் பொக்லார்கா 'விடியல் மணி' சீட்டைப் போட்டாள். விழித்திருக்கும் காட்டேரிகள் எல்லாம் வெயிலில் சாம்பலாகும். சவப்பெட்டிக்குள் தூங்குபவை தப்பிக்கும். ராதோவன் உடனே பதில் சீட்டு ஒன்றைப் போட்டுத் தம்முடைய மூத்த காட்டேரியைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்.

"இப்ப படுக்கக் கூடாது. நான் சீட்டைப் போட்டப்பவே அது முழிச்சிட்டுத்தானே இருந்துச்சு" என்றாள் பொக்லார்கா. கை தூக்கினாள். "பர்னா அண்ணே!"

பர்னபாஷ் வந்தார். பார்த்தார். "சீட்டு போட்ட நேரம்தான் கணக்கு. அப்புறம் படுத்தா செல்லாது. எரிஞ்சாச்சு."

ராதோவன் தலையை ஆட்டவில்லை. "மன்னிக்கணும், நடுவர் ஐயா. நாங்க வேற மாதிரி ஆடறோம். பதில் சீட்டெல்லாம் முடிஞ்சு, மணி அடிக்கிற நேரம்தான் கணக்கு. அந்த நேரம் என் காட்டேரி விலிச்சிருக்கல."

பத்து வருஷத்தில் பர்னபாஷிடம் அப்படி எதிர்த்துப் பேசியவர் கிடையாது. சுற்றி நின்றவர்களின் பார்வை தம்மேல் விழுவது தெரிந்தது. புத்தகத்தைப் புரட்டினால் தடுமாறியதாகிவிடும். அவர் குரலை உயர்த்தினார்.

"விலிச்சிருக்கலையா? உங்க ஊர்க் காட்டேரி விலிக்கும். எங்க ஊர்க் காட்டேரி விழிக்கும். இங்க விழிக்கிறதுக்குத்தான் சட்டம் இருக்கு, விலிக்கிறதுக்கு இல்ல!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பொக்லார்காவும் சிரித்துவிட்டாள். ராதோவனும் உதட்டைக் கொஞ்சம் விரித்தார். பிறகு காட்டேரிச் சீட்டை எடுத்துச் சாம்பல் குவியலில் வைத்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

பர்னபாஷ் நல்ல பசியோடு வாசலுக்குப் போனார். அங்கே எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டி விற்றார்கள். பூண்டும் புளித்த பாலாடையும் தடவி ஒன்று வாங்கி, ஜன்னலோரம் நின்று கடித்தார். சிரிப்புச் சத்தம் இன்னும் காதுக்கு இதமாக இருந்தது. தாம் அடித்த கேலியை அசைபோட்டார். அப்போதுதான், தாம் மொழிபெயர்த்த மூல வரி, அதே வார்த்தைகளோடு, நினைவில் எழுந்து வந்தது.

மூலத்தில் 'சீட்டு நிறைவேறும்போது' என்றுதான் இருந்தது. 'போடும்போது' என்று எழுதியது அவர். வேறெங்கோ அப்படி ஒரு வரி வந்ததால், கை பழக்கத்தில் இங்கேயும் எழுதியிருக்கிறார். அச்சாகி, நாடு முழுக்கப் போய், எல்லோரும் அப்படியே ஆடிப் பழகிவிட்டார்கள். கைபேசியை எடுத்து மூலத்தைத் தேடினார். ராதோவன் சொன்னதுதான் சரி. எழுத்துக்கு எழுத்து சரி.

ரொட்டியை மேற்கொண்டு கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. இரண்டே எட்டில் போய், "நிறுத்துங்க, நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். எரிந்த காட்டேரியைத் திரும்ப மேசையில் வைத்திருக்கலாம். நடுவருக்கு அந்த அதிகாரம் உண்டு. கதவு வரை போனார். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு மேசை மேல் குனிந்திருந்தார்கள். இந்தச் சுற்று முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார். அந்தச் சுற்று முடிந்தது. இப்போது பொக்லார்கா யோசித்துக்கொண்டிருக்கிறாள், நடுவில் புகக் கூடாது என்று நினைத்தார். கையில் எண்ணெய் வழிந்தது. துடைக்கக் காகிதம் தேடுவதுபோல் திரும்பவும் வாசலுக்கு வந்தார். காகிதம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

கைதட்டல் கேட்டது. ராதோவனின் கடைசி ரத்த மணியும் போயிருந்தது.

அவர் மேசையை விட்டு எழுந்தாலும் மண்டபத்தை விட்டுப் போகவில்லை. பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் நன்றாக ஆடியபோது கைதட்டினார். பர்னபாஷ் அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடினார். பொக்லார்கா வென்றாள். திஹமேர் கோப்பையை நீட்டினான், படம் எடுத்தார்கள். ஒயினில் சோடா கலந்து ஊற்றிக் கொடுத்தார்கள்.

ராதோவன் தோளில் பையோடு பர்னபாஷிடம் வந்து கை நீட்டினார்.

"நடுவர் ஐயா, நன்றி. கோஷித்சேல நாங்க இத்தனை வருஷமா தப்பா ஆடியிருக்கோம். நான் போய்ச் சொல்லிடறேன். சீட்டு போடற நேரத்துல கண்ணு தொறந்திருந்தா, அது எரியணும்னு."

கண்ணு தொறந்திருந்தா. 'விழித்திருந்தா' என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர்க்க அவர் சுற்றிக்கொண்டு போனது பர்னபாஷுக்குப் புரிந்தது. அந்தக் கையைப் பற்றியிருக்கத் தமக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. சட்டென்று விட்டார்.

"சொல்லாதீங்க" என்றார். "நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

பக்கத்தில் நின்ற திஹமேர் அவர் முழங்கையை இடித்தான். "டேய், கோப்பையைக் குடுத்தாச்சு. பேசாம ஒயினைக் குடி."

ஆனால் பக்கத்திலிருந்தவர்கள் காதில் விழுந்துவிட்டது. பேச்சு அடங்கியது. பர்னபாஷ் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று: மூலத்தில் என்ன இருக்கிறது, தாம் என்ன எழுதினார், இதுவரை எல்லோரும் எப்படித் தப்பாக ஆடினார்கள். சொல்லச் சொல்ல முகம் கொதித்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது.

பொக்லார்கா கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "அப்போ இது என்னுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"உன்னுதுதான். ஆட்டம் முடிஞ்சப்புறம் மாத்தச் சட்டத்துல இடம் இல்ல."

"இப்ப மட்டும் சட்டம் நல்லா ஞாபகம் இருக்கு உங்களுக்கு" என்றாள். கோப்பையை மேசையில் வைத்தாள். சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் எடுத்துக்கொண்டாள். அவளுடைய சந்தோஷத்தையும் கெடுத்தாயிற்று.

ராதோவன் பையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"தப்புத் தீர்ப்பு யாருக்கும் வரும், ஐயா. எங்க ஊர்ல நான்தான் நடுவர். நானும் தப்பாச் சொல்லியிருக்கேன். அது பரவாயில்ல. ஆனா நீங்க எல்லாரையும் சிரிக்க வெச்சீங்க. எங்க அம்மா இந்தப் பக்கத்துக்காரங்க. வீட்டுல இந்த பாஷைதான் பேசுவாங்க. அந்த ஒரு எலுத்து மட்டும் எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வராது. அம்மா அதுக்குச் சிரிச்சதில்ல."

எலுத்து என்றபோது இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிலர் தம் ஒயின் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவர் கேட்டார்: "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

இந்தக் கேள்வி வரும் என்று பர்னபாஷ் எதிர்பார்க்கவில்லை. இப்போதுதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. திஹமேரும் அப்படிச் சொல்லு என்பதுபோல் கண் காட்டினான்.

"நீங்க மேசையில இருக்கறப்பவே" என்றார் பர்னபாஷ். "நிறுத்தியிருக்கலாம். கதவு வரைக்கும் வந்தேன்."

ராதோவன் தலையசைத்தார். பையை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டார்.

"அதை ஏன்டா சொன்னே?" என்றான் திஹமேர், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே. "முதல் பாதியே போதுமே."

பர்னபாஷும் சேர்ந்து நாற்காலி அடுக்கினார்.

அந்த வாரமே எல்லா ஊர்ச் சங்கங்களுக்கும் திருத்தம் அனுப்பினார். தப்பு என்னுடையது என்று பெயர் போட்டே எழுதினார். பதில்கள் வேடிக்கையாக வந்தன. "அப்போ எரிஞ்சு போன என் காட்டேரிகளுக்கெல்லாம் யாரு கருமாதி பண்றது?" என்று பேச் நகரத்திலிருந்து ஒருவன் எழுதினான். யாருக்கும் பெரிய கோபமில்லை. அது அவருக்கு ஆறுதலாகவும் இல்லை. அவர்கள் மன்னித்தது மொழிபெயர்ப்புப் பிழையை. அந்தச் சிரிப்பைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லை. அவர்களும் சேர்ந்துதானே சிரித்தார்கள்.

கடையில் சிலநாள் சங்கடமாக இருந்தது. யாராவது வாடிக்கையாளர் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தால், "சரி, பரவாயில்லை" என்று தேவைக்கு மேல் மென்மையாகச் சொன்னார். மனைவி எனிகோ கவனித்துவிட்டு, "கடைசி வரிசை தெரியாதவங்களுக்குக்கூட சரி சரின்னா, கண்ணாடி எப்படிப் போடுவே?" என்றாள். அன்று இரவு சமையலறையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னதுபோலவே அந்த ஏளனத்தை அவள் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அசிங்கமா இருக்கு, பர்னா" என்றாள். மண்டபத்தில் வேடிக்கையாக இருந்தது, சமையலறையில் அசிங்கமாகத்தான் கேட்டது.

இலையுதிர்காலத்தில் கோஷித்சேயில் போட்டி என்று தெரிந்ததும் அவர் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடுவராக இல்லை, ஆட்டக்காரராக. ரயிலில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். ஸ்லோவாக் மொழியில் மன்னிப்புக் கேட்கும் சொல்லையும் கற்று வைத்திருந்தார்.

அங்கே நடுவர் ராதோவன்தான். கதவருகே பார்த்துவிட்டு, "வாங்க" என்றார். பர்னபாஷ் வாயைத் திறப்பதற்குள், "முதல் சுத்து ஆரம்பிக்குது, உக்காருங்க" என்று மேசையைக் காட்டினார்.

மத்தியானம் பருப்பு சூப் தட்டோடு ராதோவன் எதிரில் போய் உட்கார்ந்தார் பர்னபாஷ். அந்த ஸ்லோவாக் சொல்லைச் சொன்னார். உச்சரிப்பு தப்பாகத்தான் வந்திருக்கும். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். ராதோவன் திருத்தவில்லை, சிரிக்கவும் இல்லை.

"உங்க பாஷையைக் கேலி பண்ணினேன்" என்றார் பர்னபாஷ், ஹங்கேரிய மொழியில். "அம்மா பாஷையை. அதுக்குத்தான் வந்தேன். தீர்ப்புக்காக இல்ல."

"சரி" என்றார் ராதோவன்.

அவ்வளவுதான். இன்னும் ஏதாவது வரும் என்று பர்னபாஷ் காத்திருந்தார். ராதோவன் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் நனைத்துச் சாப்பிட்டார். யாரோ கை தூக்கி நடுவரைக் கூப்பிட, தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அந்த மேசையில் இரண்டு சீட்டையும் வாங்கி, புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஆட்டக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பர்னபாஷ் அதைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன சூப்பைக் குடித்து முடித்தார். அடுத்த சுற்றிலேயே தோற்று, சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினார்.

மறு வசந்தத்தில் கோஷித்சேயிலிருந்து இரண்டு பேர் மிஷ்கோல்ட்ஸுக்கு வந்தார்கள். ராதோவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிராம் வேலை என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். பர்னபாஷ் மேற்கொண்டு கேட்கவில்லை.