வேண்டாம் சார்

படம் வந்ததும் அவர் காரைப் பார்க்க மாட்டார். காருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். பிறகு தரையை. பிறகு நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைபேசியை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்து, இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்குவார். எதிரே ஒருவர் பழைய மாடல் கார் வாங்கும் கனவோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். அவரையும் பார்க்க மாட்டார்.

“முன்பக்கம் எடுத்த படத்துல தரை காய்ஞ்சு கிடக்கு. பின்பக்கம் எடுத்ததுல முழங்கால் உயரத்துக்குப் புல்லு. ரெண்டும் நேத்து எடுத்ததுன்னு சொல்றான். காரு ஒண்ணுதானா, இல்ல முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணா?”

“சார், அப்ப...”

“வேண்டாம்.”

பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை எல்லாருக்கும் அவர் ‘வேண்டாம் சார்’தான். இன்டர்நெட்டில் பழைய கார் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர்கள், பணத்தைப் பறிகொடுப்பதற்கு முன் இவர் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டுப் போகிறார்கள். வரும்போது இருக்கும் முகம் போகும்போது இருப்பதில்லை. டாக்டர் வீட்டிலாவது சிலர் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

வேலையில் இருந்த காலமெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது எதனால் உடைந்தது என்று எழுதுவது உத்தியோகம். மற்றவர்கள் காரை ஷோரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். கிரேனில் அது தொங்கும்போது இவர் பார்த்தார். அடித்தளம் துருப்பிடித்த ஒரு வண்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் மடங்கியதைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டதற்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். துடைத்து முடிக்கவே இல்லை.

விளம்பரங்களை அவர் கையால் மூடிக்கொண்டுதான் படம் பார்ப்பார். எழுத்து கண்ணைக் கெடுக்கும் என்பார். உண்மைதான். அந்த விளம்பரங்களை நம்பினால், உலகத்தில் பழைய கார் ஓட்டிய எல்லாருமே டாக்டர்கள். அதுவும் வயதான டாக்டர்கள். நோயாளி சாகக் கிடந்தாலும் மெதுவாகவே போனவர்கள். வண்டியை மழையில் இறக்காதவர்கள், வாரத்துக்கு ஒரு நாள் பழ மார்க்கெட் வரை போய்த் திரும்பியவர்கள். “இத்தனை டாக்டருங்க இருந்துமா ஜனங்க செத்தாங்க?” என்று கேட்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது.

மீட்டரில் ஓட்டம் கொஞ்சமாக இருக்கும். பிரேக் மிதியின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும். “மீட்டரைத் திருப்பத் தெரிஞ்சவனுக்கு அந்த ரப்பரை மாத்தத் தோணல பாருங்க. திருடனுக்கும் சோம்பல்.” கதவுக் கண்ணாடிகளின் மூலையில் இருக்கும், கண்ணாடி செய்த வருஷத்தைக் காட்டும் பொடி எழுத்துகளைக் கேட்டு வாங்குவார். எல்லாம் ஒரு வருஷத்தைச் சொல்ல, ஒன்று மட்டும் வேறு வருஷத்தைச் சொன்னால், அந்தக் கதவுப் பக்கம் அடிவாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விடப் பிரபலமானது செருப்புச் சோதனை. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், வண்டி கோடவுனில் இருக்கிறது, முன்பணம் போட்டால் லாரியில் ஏற்றி உங்கள் வாசலுக்கே அனுப்பிவிடுவேன்’ என்று சொல்லும் மகான்களுக்கு அது. “பானட்டு மேல ஒத்தைச் செருப்பை வெச்சு ஒரு போட்டோ கேளுங்க,” என்பார். விற்கிறவன் “என்ன, கிண்டலா?” என்று எகிறினால் நல்லது. கத்திவிட்டு வைப்பான், வைக்க அவனிடம் கார் இருக்கிறது. “அதுக்கென்ன பிரதர், அவசியம் அனுப்புறேன்” என்று தேன் ஒழுகப் பேசிவிட்டுக் காணாமல் போனால், அவனிடம் செருப்பு மட்டும்தான் இருக்கிறது.

கடைசியாகத்தான் பம்பருக்கு வருவார். பளபளக்கும் குரோமில் படம் எடுத்தவனும் அவன் நின்ற இடமும் வளைந்து நெளிந்து தெரியும். பங்களா வாசலில் எடுத்தேன் என்பான். பம்பரில் காயலான் கடைத் தகரம் தெரியும். “காரைக் காட்டுறது அவன். அவனைக் காட்டுறது பம்பரு.”

“என்னைப் பார்க்க வந்த அன்னிக்கும் இவர் சுவத்தைத்தான் பார்த்தார்,” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும். “நான்தான் அது தெரியாம தலையைக் குனிஞ்சுகிட்டு உக்காந்திருந்தேன்.”

“சுவத்துல ஈரம் இருந்துச்சு. சொன்னேன், யாரு கேட்டா?”

இந்த வேலைக்கு அவர் யாரிடமும் கூலி வாங்குவதில்லை. வாங்கினால், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பார்க்கலாம் என்று சொல்ல நாக்கு புரளுமாம்.

போன மாதம் ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் வந்தார். முட்டி தேய்ந்துபோய், உட்காரும்போது ஒரு தடவை, எழும்போது ஒரு தடவை கடவுளைக் கூப்பிடும் மனிதர். வாழ்க்கையில் மிச்சமிருக்கும் ஆசையை அவர் நாற்காலியில் உட்கார்வதற்குள் சொல்லிவிட்டார்.

“இத்தனை வருஷமா என் வண்டியில ஏறுனவங்க ஒருத்தர்கூடச் சிரிச்சதில்ல சார். இனிமே கல்யாண ஜோடியை மட்டும் ஏத்தணும். பழைய காரு, பூ அலங்காரம், மெதுவா ஓட்டணும். பின்னாடியிருந்து ஒருத்தரும் ‘சீக்கிரம் போப்பா’ன்னு கத்தக் கூடாது.”

கைபேசியை நீட்டினார். பால் நிறத்தில், உருண்டை முகத்தோடு ஒரு கார். டாக்டர் ஓட்டியது, ஒரே ஆள் கையில் இருந்தது, துரு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எழுதியிருந்தது. விற்பவரிடம் போனில் பேசிவிட்டாராம், தங்கமான மனுஷனாம். வேண்டாம் சார் வழக்கம்போல் சுவர், தரை, நிழல் என்று வந்து, கதவில் நின்றார். கதவின் மேல் இடுக்கு நூல் அளவு. கீழே விரல் நுழையும். நடு உடம்பு தொய்ந்த வண்டி. “வே...” என்று வாயைத் திறந்தவர், பம்பரையும் பார்த்துவிடுவோம் என்று படத்தை நகர்த்தினார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

வளைந்த குரோமில் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாக்கள் வரிசையாகத் தெரிந்தன. கைபேசியோடு ஓர் ஆள் குனிந்திருந்தார். அவருக்கு வெயில் கூசாமல் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஒற்றைக் காலில் நின்று, மறு பாதத்தால் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் சாருடைய மகள் நிற்கப் பழகிய காலத்திலிருந்து அப்படித்தான் நிற்பாள். சோபா கடை மாப்பிள்ளையுடையது.

“என்ன சார், உடனே சொல்லிடுவீங்கன்னாங்களே?”

“நேர்ல பார்க்கணும்,” என்றார்.

அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்குக் கீழ்வீட்டுப் பேச்சு காதில் விழத்தான் செய்யும். ஆம்புலன்ஸ்காரர் தெருமுனை தாண்டுவதற்குள், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மனைவி ஆரம்பித்துவிட்டார்.

“மாப்பிள்ளைக்கு ஒரு போனைப் போட்டு விளம்பரத்தை எடுத்துடச் சொல்லுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும்.”

“எடுத்துடுவார். வேற பேர்ல திரும்பப் போடுவார். அதை வாங்குறவன் என்கிட்ட கேட்டுட்டா வாங்குவான்?”

“அதுக்காக? நம்ம பொண்ணு வாழ்ற வீடுங்க அது.”

“அந்தக் கார்ல கல்யாணப் பொண்ணு உக்காரப் போகுது.”

அதன்பின் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிடப் பலமாக.

வேண்டாம் சாரையும் ஆம்புலன்ஸ்காரரையும் மாப்பிள்ளை கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது என் வண்டி. சோபா கடைக்குப் பின்புறம் சிமென்ட் முற்றம். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் அந்தக் கார், குளிப்பாட்டிப் பொட்டு வைக்காத குறையாக நின்றது. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், மாமனாரைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“வாங்க மாமா. சொல்லவே இல்லையே?”

“இவருக்காக வந்தேன் மாப்பிள்ளை.”

ஆம்புலன்ஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “மாமாவா! அட, இது நம்ம சாரோட மாப்பிள்ளை வண்டியா? அப்புறம் என்ன பார்க்க வேண்டியிருக்கு? வீட்டு வண்டி மாதிரி ஆச்சே! கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கறேன்.” சொன்னபடியே சட்டைப் பையில் கையை விட்டார்.

இதுவரை பேசாமல் இருந்தது வெறும் மௌனம். இனி பேசாமல் இருந்தால் அதுவே ஜாமீன் கையெழுத்து.

“கையை வெளியே எடுங்க,” என்றார் வேண்டாம் சார். “பார்த்துடறேன்.”

பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. ஆள் வருவதற்கு முன்பே ஓடவைத்துத் தயார் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சினுக்குச் செய்யும் உபசாரம். கதவைத் திறந்து, டிரைவர் காலடியில் கிடந்த விரிப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். புதுப் பசை. பிரிய மறுத்தது.

“மாமா, அது இப்பத்தான் ஒட்டினது...”

“தெரியுது மாப்பிள்ளை.”

விரிப்பு பிரிந்து வந்தது. கீழே தார் போலக் கறுப்புப் பூச்சு தடவியிருந்தது. அவர் தன் வீட்டுச் சாவியை எடுத்து, முனையை அதில் வைத்து அழுத்தினார். பலமாகக்கூட இல்லை, காலிங்பெல் அடிக்கிற அளவுக்குத்தான். சாவி முழுதும் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது கறுப்புப் பொருக்கு பொலபொலவென்று உதிர்ந்து, ஓட்டை வழியாகச் சிமென்ட் தரையும் அதில் நகர்ந்துகொண்டிருந்த ஓர் எறும்பும் தெரிந்தன.

இதற்குள் மகள் தட்டில் டீயோடு வாசற்படிக்கு வந்திருந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

அவர் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கும் மனிதர் அன்று முதன்முறையாக, கேட்க வந்தவரின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“வேண்டாம்.”

ஆம்புலன்ஸ்காரர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மோசமானதைப் பார்த்தால் கத்தாமல் இருக்கப் பழகிய ஆள். நிமிர்ந்து, மாப்பிள்ளையிடம்தான் பேசினார்.

“உங்களையும் எவனோ ஏமாத்தியிருக்கான் போல. விடுங்க தம்பி. உசிரு போகல.”

டீயைக் கேட்டு வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அவர் திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை. முற்றத்தில் இருந்த மூன்று பேருக்கும் எதையாவது பிடித்துக்கொண்டு பேச வழி கிடைத்திருக்கும். நான் வண்டியைத் திருப்பி நிறுத்துகிற சாக்கில் கேட் பக்கம் ஒதுங்கினேன்.

“நானும் டாக்டர் வண்டின்னு நம்பித்தான் வாங்கினேன் மாமா,” என்றார் மாப்பிள்ளை. குரல் காருக்குச் சொல்வது போல இருந்தது. “இதை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியல.”

எத்தனையோ முகம் தெரியாதவர்கள் படியேறி வந்து கேட்டுவிட்டுப் போகிற வீட்டில், சொந்த மாப்பிள்ளை ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி மாமனார் உதடு வரை வந்து நின்றது வெளியில் தெரிந்தது. அதற்கு மகள் பதில் சொன்னாள்.

“வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேம்ப்பா. ‘உங்கப்பாகிட்ட எதுக்குக் கேட்கணும், என்ன சொல்வாருன்னுதான் எனக்கே தெரியுமே’ன்னாரு.”

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து பிய்ந்த விரிப்பைப் பழைய இடத்தில் பொருத்தப் பார்த்தார். அது சுருண்டு சுருண்டு எழுந்தது. விட்டுவிட்டார்.

வேண்டாம் சார் காரின் பின்கதவைத் திறந்தார். எதையோ இன்னும் சோதிக்கப் போகிறார் என்று நினைத்து மாப்பிள்ளை ஓரடி பின்வாங்கினார். அவர் சோதிக்கவில்லை. வண்டியின் அடித்தளத்தில் பாரம் விழாமல் பாதங்களை ஓரத்து இரும்பில் ஊன்றி, மெல்ல ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். அரக்கு நிற உறை. கோணல் இல்லாத இரட்டைத் தையல். மூலைகளில் சுருக்கமே விழாத மடிப்பு. மாப்பிள்ளை தன் கையால் தைத்தது. விளம்பரத்தில் எழுத விட்டுப்போன நிஜமான பெருமை அது ஒன்றுதான். தையலின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிதானமாக ஓட்டிக்கொண்டு போனார்.

பிறகு மாப்பிள்ளை நின்ற பக்கம் இடம் விட்டு, சீட்டின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.