தொட்டியிலிருந்து தூக்கியவர்கள்

டோரா கலாங் வருகிறாள் என்றாலே அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் கம்பெனிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்ப்பவை தனியார் கம்பெனிகள். செய்த வேலை சரியா என்று அரசாங்கத்துக்காகப் பார்ப்பவள் டோரா. பிலிப்பைன்ஸிலிருந்து சின்னப் பெண்ணாக வந்து, கடற்படையிலேயே கப்பல் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள். ஐம்பது தாண்டியும் கப்பலின் எந்த இரும்புத் தொட்டிக்குள்ளும் தானே இறங்கித்தான் பார்ப்பாள்.

அந்தக் கோடையில் ஒரு போர்க்கப்பலின் அடித்தொட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்குக் கம்பெனியின் மேஸ்திரி ராமிரோ எஸ்கொபேடோ. தொட்டியின் தகட்டில் கடலுப்பு மிச்சமிருந்தால் அதன்மேல் அடித்த பெயின்ட் சில மாதத்தில் கொப்புளித்து உரிந்துவிடும். அதனால் முதலில் டோரா உப்பைச் சோதித்துச் சரி என்று சொல்லவேண்டும். அவளோ இரண்டு முறை திரும்பக் கழுவச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தகட்டுல சோறு போட்டுச் சாப்பிடப் போறீங்களா மேடம்?" என்றான் ராமிரோ.

"நான் சாப்பிடல. உப்பு தகட்டைச் சாப்பிட்டுடும்."

மூன்றாம் முறை பார்க்க இறங்கியபோது இடது கை மரத்தது. காலையிலிருந்தே நெஞ்சைக் கரித்துக்கொண்டிருந்ததை அவள் சட்டை செய்யவில்லை. கையிலிருந்த விளக்கு நழுவியது மட்டும்தான் நினைவிருக்கிறது.

ராமிரோவும் அவனுடைய ஆட்கள் இரண்டு பேரும் அவளைப் பலகையில் கட்டி, ஒரு ஆள் நுழையவே சிரமமான துவாரம் வழியாக மேலே தூக்கினார்கள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் மருத்துவர்.

இலையுதிர் காலத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். உயிரைக் காப்பாற்றியவர்களின் வேலையையே சோதிப்பது சங்கடமாக இருந்தால் வேறு கப்பலுக்குப் போகலாம் என்றார் அலுவலகத் தலைவர். ஒரு தொட்டிதான் பாக்கி, முடித்துவிட்டே போகிறேன் என்றாள் டோரா.

ராமிரோ முகமெல்லாம் சிரிப்பாக வந்து வரவேற்றான். தகடு பளபளத்தது. ஆனால் ஒரு மூலையில் உப்பு அளவுக்கு மேல் இருந்தது. டோரா உப்பு அளக்கும் கருவியைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். குறையவில்லை.

"ராமிரோ, இந்த உயிரு நீங்க குடுத்தது. ஆனா அந்த மூலையைத் திரும்பக் கழுவணும்."

அவன் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவரச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டான்.

"இப்பதான் மேடம், உங்களுக்கு உடம்பு நல்லாயிடுச்சுன்னு நம்பறேன்."

அவர்களுக்குத் தன் கையால் சமைத்துப் போட அவளுக்கு ஆசை. கப்பல் வேலை முடியும்வரை கம்பெனி ஆட்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்றது அலுவலகம். பொறுத்திருந்தாள். கப்பல் கடலுக்குப் போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, நூடுல்ஸும் பன்றிக்கறிக் குழம்புமாக ராமிரோ வீட்டுக்குப் போனாள். அந்த இரண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாலும், வாசலில் அவன் மனைவி கையைப் பிடித்ததும் "குழம்பு ஆறிடும்" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

சாப்பிடும்போதுதான் அவளுக்கே தெரியாத ஒன்றை ராமிரோ சொன்னான். பலகையில் அவள் கண் சொருகச் சொருக, அவன் விடாமல் திட்டிக்கொண்டே இருந்தானாம்.

"திட்டினா பதில் சொல்லாம விடமாட்டீங்கன்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து முறைச்சீங்க."

டோரா சிரித்தாள். கண்ணீரும் வந்தது. என்ன திட்டினாய், இப்போது சொல் என்று கேட்டாள். ராமிரோ மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான்.