விசில் டீச்சரின் மனை

பால் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கம்பி வேலியைப் பிடித்தபடி, "தம்பி, எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்பார் விசில் டீச்சர். உள்ளே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் நர்சரிக்காரர் திரும்பாமலே, "பாக்கலாம் டீச்சர்" என்பார். "சரி, பாருங்க" என்று இவர் நடையைக் கட்டுவார். வருடக்கணக்காகத் தினமும் காலையில் இதுதான். குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

உயரமான, ஒல்லியான உடம்பு. பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டாலும் பழக்கம் விடவில்லை. கட்டட வாசலில் கோணலாக நிற்கும் ஸ்கூட்டர்களை நேராக்காமல் மாடியேற மாட்டார். கீழ்வீட்டில் குடியிருக்கும் என் செருப்புகளும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "ஜோடியா நிக்கணும் சார். இல்லேன்னா செருப்புக்கே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது."

மாடியில் அவருக்கு ஒற்றை அறை. பரிசுக் கோப்பைகளும் மாணவிகளோடு எடுத்த படங்களும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரருக்கு ஆகாது. "எனக்குன்னு ஒரு சுவரு வேணும். ஆணி அடிக்க யாரையும் கேக்கக் கூடாது. அவ்ளோதான் ஆசை."

அந்த ஆசையில்தான், அடுத்த தெருவில் தன் பெயரில் இருந்த மனையை விற்றுச் சின்னதாக ஒரு வீடு வாங்க நினைத்தார். வாங்க வந்தவர் நர்சரிக்காரர். ஒப்பந்தம் எழுதி முன்பணமும் கொடுத்தார். "பத்திரம் ஆகுற வரைக்கும் தொட்டிய மட்டும் வச்சுக்கறேன் டீச்சர்" என்றார். இவரும் தலையாட்டினார். தொட்டிக்குப் பின்னால் பந்தல் வந்தது. பந்தலுக்குப் பின்னால் கொட்டகை. கடைசியில் கேட்டுக்குப் புதுப் பூட்டு. பாக்கிப் பணம் மட்டும் வரவில்லை. கெடு தாண்டியது. டீச்சர் பார்த்து வைத்திருந்த வீடும் கைநழுவிப் போனது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நர்சரிக்காரர் கையை நீட்டவில்லை. "செடி வேர் விட்டுடுச்சு டீச்சர். நானும்தான்." இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதை.

அண்ணன் மகன் துள்ளினான். "அத்தை, ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு பேரை அனுப்பறேன், ஒரே மணி நேரத்துல தூக்கி வெளிய போட்டுடுவாங்க."

"ஃபவுல் ஆட்டம் எனக்கு வேணாம்டா" என்று சொல்லிவிட்டு வக்கீலைத் தேடிப் போனார்.

வழக்கு இழுத்தது. வாய்தா போட்ட நாட்களில் பஸ் ஏறாமல் நடந்தே வீடு திரும்புவார். கோபம் கால் வழியாக இறங்கிவிடுமாம். ஒருநாள் மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார். "சார், நான் போறதுக்குள்ள தீர்ப்பு வருமா?" என்று கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

தீர்ப்பு டீச்சர் பக்கமே வந்தது. அப்பீலிலும் அதுவே நின்றது. காலி செய்யக் கொடுத்த கெடுவும் முடிந்த பிறகு, ஒரு காலையில் கோர்ட் அமீனா இரண்டு போலீஸ்காரர்களோடும் கூலியாட்களோடும் ஒரு லாரியோடும் வந்து இறங்கினார். துணைக்கு நானும் போயிருந்தேன். நர்சரிக்காரர் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, "ஒரு வாரம் குடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுதார். டீச்சர் முகம் வாடியது. ஆனாலும், "இல்லம்மா. இன்னைக்குத்தான்" என்றார்.

கூலியாட்கள் தொட்டிகளைத் தூக்கி எறிய ஆரம்பித்தார்கள். ஒரு ரோஜாத் தொட்டி உடைந்து சிதறியது. உட்கார்ந்திருந்த நர்சரிக்காரர் துடித்து எழுந்து ஓடினார்.

சட்டென்று ஒரு விசில். போலீஸ்காரர்கள் உட்பட எல்லாரும் அப்படியே நின்றோம். டீச்சர் கைப்பையிலிருந்து எடுத்த விசிலை வாயிலிருந்து இறக்கினார். "எறியக் கூடாது. வரிசையா நில்லுங்க. கைக்குக் கை மாத்தணும்."

"அம்மா, இது உங்க வேலை இல்லையே" என்றார் அமீனா.

"என் இடத்துல நடக்குது சார். ஒழுங்கா நடக்கட்டும்." பிறகு நர்சரிக்காரரிடம், "தம்பி, லாரி மேல ஏறுங்க. எதை எங்க வைக்கணும்னு உங்களுக்குத்தானே தெரியும்?" என்றார்.

அவர் சிதறிக் கிடந்த ரோஜாச் செடியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு ஏறினார். ரோஜா, செம்பருத்தி, எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகக் கைமாறிப் போயின. வரிசையில் என் கையும் இருந்தது. ஒரு போலீஸ்காரர் கையும் இருந்தது. மதியத்துக்குள் மனை வெறுமையானது. தொட்டிகள் இருந்த இடங்களில் வட்ட வட்டமாக ஈரம். லாரி நகர்ந்தபோது, மேலே நின்றிருந்த நர்சரிக்காரர் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை.

அமீனா ஒரு ஸ்கூட்டர் சீட்டில் காகிதத்தை விரித்தார். "இடம் உங்க வசம் வந்தாச்சுன்னு ஒரு கையெழுத்து. இங்க வாங்கம்மா."

டீச்சர் காதில் விழாதவர்போல மனையின் நடுவுக்குப் போய், ஈர மண்ணிலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். அமீனா மறுபடியும் கூப்பிட்டார். டீச்சர் பக்கத்தில் கிடந்த தொட்டிச் சில்லுகளைத் தள்ளிவிட்டு, உள்ளங்கையால் மண்ணை இரண்டு தட்டுத் தட்டி, அவருக்கு உட்கார இடம் காட்டினார்.