தேவல என்று எழுதிய பக்கம்

பெரிய டாக்டர் காலமான பிறகு அம்பாங்கானில் ஒரு மண்டபத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எனக்கு அழைப்பு இல்லை. அழைக்காத இடத்துக்குப் போகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. ஆனாலும் அன்றைக்குப் போனேன், என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. கையில் ஒரு துணி முடிச்சு வைத்திருந்தேன்.

மேடையில் ஒரு இளம் டாக்டர், பெரியவர் எழுதிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். மலேரியாவைப் பற்றி எழுதியது, பிரசவக் காய்ச்சலைப் பற்றி எழுதியது, எந்தெந்த நாட்டு டாக்டர்கள் அவற்றைத் தங்கள் கட்டுரைகளில் எடுத்துப் பேசினார்கள் என்பது, எல்லாம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜப்பான்காரன் காலத்துல அவரு எழுதினது ஒண்ணே ஒண்ணுதான். பப்பாளிப் பாலை வச்சுக் கால்புண்ணை ஆத்தலாமான்னு பார்த்தாரு. அது தோத்துப்போன ஆராய்ச்சி. ஆனா பாருங்க, அவரு எழுதினதுலயே வெளியில அதிகமா எடுத்துப் பேசுறது அதைத்தான். பப்பாளிப் பால் வேலைக்காகாதுன்னு சொல்ல இன்னிக்கும் அதைத்தான் காட்டுறாங்க. தோல்வியை மறைக்காத மனுஷர்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. தோற்றதாம். அந்தப் புண்களை நாள் தவறாமல் கழுவிக் கட்டியவள் நான். எது ஆறியது, எது ஆறவில்லை என்று என்னைக் கேட்காமல் இவர்களாக எப்படி முடிவு கட்டலாம்?

கோலா கிளாவாங் போகிற மலைப்பாதையில், உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஆயா. தரை துடைப்பது, கட்டுத்துணி அவிப்பது, மலச்சட்டி கழுவுவது என் வேலை. ஜப்பான்காரன் வந்த பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற எங்கள் டிரெசரையும் அங்கே இருக்கிற நோயாளிகளைப் பார்க்க என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மருந்து கட்டுவதும் பேர் எழுதுவதும் என் தலையில் விழுந்தது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும் படித்திருந்தேன். எழுத்துப்பிழை இருக்கும். ஆனாலும் எழுதுகிற கை நிற்காது.

பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வாரம் ஒரு நாள் சைக்கிளில் வருவார். அவர் வைத்தியம் பார்க்க வேண்டியது நாலைந்து தோட்டம். மூக்குக்கு மேலே கோபம் வரும், ஆனால் புண்ணைத் தொடும்போது கை பஞ்சு மாதிரி இருக்கும். அப்போது எல்லோருக்கும் காலில் புண். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உடம்பில் சத்தே இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தால் போதும், எலும்பு தெரிகிற அளவுக்கு அழுகிவிடும். மருந்து கிடையாது. டாக்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் பப்பாளிப் பாலைக் கலந்து துணியை நனைத்துக் கட்டச் சொன்னார். அழுகின சதையை அது தின்றுவிடும், அடியில் புதுத்தோல் வரும். முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு என் கண்ணாலேயே பார்த்தேன்.

எழுதத் தாள் இல்லை. டாக்டர் தம்முடைய பழைய மலேரியாக் கட்டுரைகளின் டைப் அடித்த பிரதிகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் நான் கோடு போட்டுப் பேர், புண் எந்தக் காலில், இன்றைக்கு எப்படி என்று எழுதினேன். பிரதிகளைக் கொடுக்கும்போது அவர் முகம் சுருங்கினதைக் கவனித்தேன். "கவனமாப் பாவியும், பிள்ளை. இனி இது கிடைக்காது" என்றார். பாவிப்பது என்றால் அவர் ஊர்ப் பேச்சில் பயன்படுத்துவது.

டிரெசர் இருந்தவரை, ஆறின ஆளுக்கு நேரே 'குணம்' என்று எழுதுவார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஜப்பான் ராணுவ டாக்டர் வருவான். அவனுக்காகத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி அந்தப் பதிவை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். குணம் என்று இருந்த பேரெல்லாம் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கூப்பிடப்படும். கூப்பிடப்பட்டவன் லாரியில் ஏறுவான். அப்படிப் போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை.

நான் எழுதத் தொடங்கியபோது யோசித்தெல்லாம் எழுதவில்லை. எங்கள் ஆட்கள் நோய் குணமாகிவிட்டது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். ஆடி ஓடுகிறவனை எப்படி இருக்கு என்று கேட்டாலும், "தேவல" என்பான். அதையே நான் எழுதினேன். ஆறின கால் எல்லாவற்றுக்கும் நேரே தேவல, தேவல, தேவல. அதில் ஒரு தேவல என் வீட்டுக்காரருடையது. பால்வெட்டுக் கத்தி பட்டு வந்த புண், ஆறித் தோல் மூடியிருந்தது. அடுத்த லாரி வருகிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே, கிழங்கு.

லாரி வந்தது. பெரட்டில் வேறு சிலரைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து ஒரு பேரும் வரவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று மத்தியானம் கிராணி என்னைத் தேடி வந்தார். அவர் மலையாளி. தமிழ் பேசுவார், படிக்கும்போது தடுமாறுவார்.

"எந்தா இது? எல்லாருக்கும் தேவையில்லை, தேவையில்லைன்னு எழுதியிருக்கே? நடுவுல ரெண்டு எழுத்தை முழுங்கிட்டே. நானும் தேவையில்லைன்னே இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்திட்டேன். ஜப்பான் டாக்டர் சயாம் லிஸ்டுலேர்ந்து எல்லாப் பேரையும் அடிச்சிட்டான். மருந்து தேவையில்லையா, ஆளு தேவையில்லையா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பிறகு என் வாய் தானாகப் பேசியது. "ஆளுதான் தேவையில்லீங்க, கிராணி ஐயா. ஒண்ணுக்கும் உதவாத ஆளுங்க."

அவர் என்னையே பார்த்தார். புரிந்ததா, புரியாத மாதிரி இருந்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அப்போ இனிமே இப்படியே எழுது. மாத்தாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாற்றவில்லை.

பிரச்சினை பெரிய டாக்டர் மூலம் வந்தது. ஜப்பான் டாக்டர் அவரிடம் ஆசை காட்டியிருந்தான். பப்பாளிப் பால் வைத்தியத்தை எழுதிக் கொடு, எங்கள் ராணுவ மருத்துவச் சஞ்சிகையில் உன் பேரும் என் பேரும் சேர்த்துப் போடுகிறேன் என்று. அடுத்த வருகையில் ஆறின கால்களை நேரில் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டான். டாக்டர் முகத்தில் அத்தனை நாள் பார்க்காத களை. என்னுடைய பதிவை எடுத்துப் புரட்டினார், களை போய்விட்டது.

"என்ன பிள்ளை, தேவல, தேவல எண்டு எழுதி வச்சிருக்கிறீர்? இந்தக் கால் முழுக்க மாறிட்டுதெல்லே. மாறிட்டுது எண்டு எழுதும். இப்பிடி எழுதினால் என்ர வைத்தியத்துக்கு என்ன மதிப்பு?" மாறுவது என்றால் அவர் ஊர்ப் பேச்சில் குணமாவது.

"எழுத மாட்டேங்கய்யா."

அவரிடம் அப்படி யாரும் பேசினதில்லை. கண்ணாடியைக் கழற்றினார். நான் விஷயத்தைச் சொன்னேன், லாரி, கிராணி, தேவையில்லை, எல்லாம். அவருக்கு முகம் சிவந்தது.

"இது நான் கனநாள் பாடுபட்ட வேலை. இது வெளியில வந்தால் எத்தனை தோட்டத்தில எத்தனை கால் தப்பும், உமக்கு விளங்குதே?"

நியாயமான பேச்சுதான். இப்போது யோசித்தாலும் நியாயம்தான். அப்போது எனக்கு அந்த நியாயம் வேண்டியிருக்கவில்லை. "உங்க பேரு பேப்பர்ல ஏறணும்னு எங்க ஆளுங்க பேரு லாரியில ஏறணுமா? அந்தக் கால் என் புருஷன் கால். வேணும்னா நீங்களே எழுதிக்குங்க. என் கையால வராது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாள் கட்டைச் சைக்கிளில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னைத் திட்டினார், பெரிய மனுஷனிடம் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்று.

ஜப்பான் டாக்டர் வருகிற அன்று, பெரட்டு முடிவதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். ஆறின ஆட்களையெல்லாம் பெஞ்சில் வரிசையாக உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பப்பாளி மரத்துக் காயைக் கத்தியால் கீறினார். பால் சொட்டியது. எப்போதும் நீரில் கலப்போம். அன்றைக்கு அவர் கலக்கவில்லை. பச்சைப் பாலை அப்படியே என் வீட்டுக்காரரின் புதுத்தோலில் தடவினார்.

"ஐயா, அது நல்ல தோலுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"தெரியும். நான்தானே மாத்தினனான்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு அடுத்த காலுக்குப் போனார். "தாளில நீர் பேர் எழுதின மற்றப் பக்கத்தையும் வாசிச்சனான், பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானத்துக்குள் அத்தனை காலும் சிவந்து, பொரிந்து, நீர் வடிந்தது. ஜப்பான் டாக்டர் குனிந்து பார்த்தான். பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவன் ஓங்கி ஒரு அறை விட்டான். கண்ணாடி தெறித்துத் தரையில் விழுந்தது. நான்தான் பொறுக்கினேன். பிறகு அவனே அவரை மேசைமுன் உட்காரவைத்து, இந்த வைத்தியம் பலிக்கவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டான். சஞ்சிகையில் போடத்தான் போகிறேன், ஆனால் உன் பேரில் மட்டும் என்றானாம். தோற்ற வைத்தியத்தில் தன் பேரைச் சேர்ப்பானா அவன்?

பெஞ்சில் உட்கார்ந்த யாரும் சயாமுக்குப் போகவில்லை. புண் மறுபடி ஆறியது. அதே பப்பாளிப் பாலில்தான், நீர் கலந்து.

ஜப்பான்காரன் போன பிறகு நான் டாக்டரிடம் கேட்டேன், இப்போதாவது உண்மையை எழுதுங்களேன் என்று. அவர் தலையசைத்தார். "அண்டைக்குப் பொய் எழுதினனான் எண்டால், முந்தி எழுதினதையும் ஆர் நம்புவினம்?" என்றார். தாள் கட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் அதில் கோபம் உண்டு. உயிரோடு இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அந்தப் பொய்யை நம்பி எத்தனை ஆஸ்பத்திரியில் அந்த மருந்தைத் தள்ளி வைத்தார்களோ. ஆனால் அவரைத் தோற்றவர் என்று மேடையில் வைத்துக் கைதட்டுகிறவர்களைப் பார்த்தால் அதைவிடக் கோபம் வருகிறது.

அதனால்தான் மண்டபத்தில் எழுந்தேன். யாரோ உட்காருங்கம்மா என்றார்கள். உட்காரவில்லை. நேராக மேடைக்குப் போய் முடிச்சை அவிழ்த்துத் தாள் கட்டை அந்த இளம் டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்து, "அட, மலேரியாக் கட்டுரையோட அசல் பிரதி" என்று சந்தோஷப்பட்டார்.

"அந்தப் பக்கம் இல்ல தம்பி. திருப்புங்க" என்றேன்.

திருப்பினார். என் கோணல் எழுத்தில் பேர்கள் இருந்தன. நடந்ததை முழுக்கச் சொன்னேன். முன் வரிசையில் ஒருவர், இதெல்லாம் வெளியே தெரிந்தால் பெரியவர் பேர் கெட்டுவிடுமே என்றார். "கெட்டா கெடட்டும். அவரு பேரைக் கொடுத்துக் காப்பாத்தின ஆளு அதோ வர்றாரு பாருங்க" என்றேன். என் வீட்டுக்காரர் கூச்சத்தோடு மேடையேறி வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். வழவழவென்று ஒரு தழும்பு, உள்ளங்கை அகலத்துக்கு.

இளம் டாக்டர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப கால் எப்படி இருக்குங்க, ஐயா?" என்று கேட்டார்.

"தேவலைங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இளம் டாக்டர் பேனாவை எடுத்துத் தம் தாளில் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ்.

"அதை அடிச்சிட்டுத் தமிழ்லயே எழுதுங்க தம்பி" என்றேன். "ஒரு தடவை அந்தச் சொல்லை இங்கிலீஷ்ல தப்பா எழுதினாங்க, நாங்க பொழைச்சோம். இந்தத் தடவை சரியா எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கிறவரை நான் மேடையை விட்டு இறங்கவில்லை.