முக்கால் தாரணியின் பன்னிரண்டு சுற்று

என் தம்பி மனைவி தாரணிக்கு 'முக்கால்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஒரு தீபாவளி விருந்தின்போது வாய் தவறி வந்தது. எல்லோரும் சிரித்ததும், தவறி வந்ததை நானே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெம்பனிஸில் ஒரு பல் மருத்துவருக்கு இருபத்திரண்டு வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். எதிரே இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி படுத்திருப்பார்கள், பதில் பேச முடியாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது.

பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தாரணி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள், ஏழு வகுப்போடு நின்றது. மாலை நேர டிப்ளோமா படித்தாள், மூன்றாவது செமஸ்டரில் நின்றது. சமூக மன்றத்தில் எட்டு வார கேக் வகுப்பு, நாலாவது வாரத்தோடு சரி. அவளுக்கு அடுக்கடுக்காகச் சுடும் லாப்பிஸ் கேக்கின் மாவு கலக்கத் தெரியும், அடுக்கத் தெரியாது. நாற்பத்து மூன்று வயதுக்குள் இத்தனை காரியத்தைத் தொடங்கி, ஒன்றைக்கூட முடிக்காதவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

அவள் விடாமல் செய்தது ஒன்றே ஒன்றுதான், வேலை. கெர்பாவ் ரோட்டுப் பக்கம் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையிலிருந்து மதியச் சாப்பாடு டிங்காட்டில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகும். சாதம், சாம்பார், பொரியல், ரசம் என்று நாலு அடுக்குப் பாத்திரம். முன்னும் பின்னும் கூடை கட்டிய சைக்கிளில் பன்னிரண்டு டிங்காட்டை ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டின் சந்துகளில் பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள்.

அந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம், சாம்பார் சிந்தக் கூடாது. அதனால் திருப்பத்துக்கு இருபது அடி முன்பே இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து, வண்டியைச் சாய்க்காமல் நிமிர்ந்தபடி திரும்புவாள். எந்த வீட்டில் குழந்தை தூங்கும் என்பதும் அவளுக்கு அத்துப்படி. அந்தக் கதவுக்கு முன்னால் மணிகூட அடிக்க மாட்டாள். சத்தம் போட்டு அவள் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் சைக்கிளைப் பழுது பார்ப்பவர் டெஸ்கர் ரோட்டில் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது. ஆரம்பித்து வைத்தது அவர்தான்.

"இவ்ளோ வெயிட்டத் தூக்கிட்டே இந்த ஸ்பீடுல வர்றீங்க தங்கச்சி. வெறும் சைக்கிளக் குடுத்தா எங்க போய் நிப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல், வெளிநாட்டுக்கு மாறிப்போன ஒருவர் விட்டுச்சென்ற பந்தய சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். கறுப்பு நிறம், விரல் அகலத்துக்குச் சக்கரம். துவாஸில் ஞாயிற்றுக்கிழமை ரோட்டை மூடி ஒரு பந்தயம் நடத்துகிறார்கள், புதிதாக ஓட்டும் பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது என்று தகவலும் கொடுத்தார்.

நாலு மாதம் விடியற்காலையில் பழகினாள். ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தபோதுதான் சொன்னாள்.

"பன்னெண்டு சுத்து அண்ணி. முன்னாடி போற கூட்டம் ஒரு சுத்து கூடுதலா ஓட்டி, பின்னாலேர்ந்து நம்மளப் புடிச்சிட்டா, விசில் ஊதி வெளிய அனுப்பிடுவாங்க. லிஸ்ட்ல பேர் வராது."

"ஜெயிக்கப் போறியா?"

"ஐயோ இல்ல. முடிக்கணும், அவ்ளோதான்."

"பாக்கலாம் லா, முக்கால்."

அவள் சிரிக்கவில்லை. எப்போதும் சிரித்துவிடுவாள். அன்று கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "முடிச்சிட்டேன்னா அந்தப் பேர விட்டுடுங்க அண்ணி," என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பெயர் அவளைக் குத்திக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. பந்தயத்துக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

சொன்னபடி போனேன், வெறுங்கையோடு போகவில்லை. எங்கள் வீட்டில் எந்த வண்டி முதல்முறை பெரிய காரியத்துக்குப் போனாலும் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் இல்லாமல் போகாது. என் வீட்டுக்காரர் டாக்சி எடுத்தபோது நாலு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தவள் நான். துவாஸில் தாரணி சட்டையில் எண் குத்தப் போயிருந்தாள், ஹமீது பாய் பம்பு தேடிப் போயிருந்தார். சைக்கிள் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. கைப்பிடிக்கு ஒரு பொட்டு வைத்தேன். சக்கரத்தில் எங்கே வைப்பது என்று பார்த்தேன். டயரை ஒட்டிப் பளபளவென்று வெள்ளி வளையம் ஓடியது. வைக்கச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அந்த வளையத்தில் தாராளமாக, சக்கரத்துக்கு ஏழெட்டு இடத்தில் அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். தாரணி வந்ததும் இரண்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கவைத்து அனுப்பினேன். அவள் தன் போனை என்னிடம் கொடுத்தாள்.

"யாராச்சும் கூப்பிட்டா எடுங்க அண்ணி. ஏதாச்சும் அவசரமா இருக்கும்."

முப்பத்தாறு பெண்கள். எல்லோரும் இறுக்கமான உடையில், வெயில் கண்ணாடியோடு, பார்த்தாலே பயமாக இருந்தது. நடுவில் எங்கள் தாரணி, ஹமீது பாய் கொடுத்த பழைய ஹெல்மெட்டோடு. விசில் ஊதியதும் கூட்டமாகப் பறந்தார்கள்.

ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர். தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டிப் போய், இரண்டு திருப்பம் தாண்டி, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு யு-டர்ன். நானும் ஹமீது பாயும் அந்த யு-டர்னில் நின்றோம். முதல் கூட்டம் சர்ரென்று திரும்பிப் போனது. கொஞ்சம் பின்னால் தாரணி வந்தாள். இருபது அடி முன்பே பிரேக்கைப் பிடித்தாள்.

கீ...ஈ...ஈ...ஈ என்று ஒரு சத்தம். மாவு மில்லில் கல் மாட்டிக்கொண்டால் வருமே, அது. நிழலில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. கொடி பிடித்து நின்றவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினார். தாரணியின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

ஹமீது பாய் கண்ணைச் சுருக்கிச் சக்கரத்தைப் பார்த்தார். "அக்கா, ரிம்முல என்னது அது மஞ்சளா?"

"சந்தனம், பாய்."

"பிரேக்கு புடிக்கிற எடமே அதானேக்கா."

என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் நல்ல மனுஷர். தலையில் மட்டும் கையை வைத்துக்கொண்டார்.

அடுத்தடுத்த சுற்றுகளிலும் அதே கதைதான். தூரத்துத் திருப்பத்தில் அவள் பிரேக் பிடிப்பது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டது. சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், நேர் ரோட்டில் யாருக்கும் சளைக்காமல் மிதிப்பவள் ஒவ்வொரு திருப்பத்திலும் சாம்பாருக்காக நின்று நிதானித்தாள். கூடையில் சாம்பார் இல்லை என்பதைக் கைக்கு யார் சொல்வது? சுற்றுக்கு அரை நிமிஷம் போனது. ஆறாவது சுற்றுக்குள் நாலு பெண்களுக்கு விசில் ஊதிவிட்டார்கள். தாரணி கோட்டைத் தாண்டிய பிறகு முதல் கூட்டம் வரும்வரை எண்ணினேன். நாற்பத்தைந்து விநாடி. இதே போக்கில் போனால் இன்னும் இரண்டு சுற்றில் அவளுக்கும் விசில்தான்.

அப்போதுதான் தாரணியின் போன் அடித்தது. என் தம்பி வெங்கடேஷ்.

"தாரணி, ரைஸ் குக்கர்ல எத்தன கப்பு தண்ணி?"

"நான் சுசீலா பேசறேன்டா. ஒனக்கு நாப்பத்தாறு வயசு ஆவுது. ஒன்னுக்கு ரெண்டு ஊத்து."

வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. துணிக்குப் போடும் சோப்புத்தூள் எங்கே? அதன் பின் தம்பியோடு இருக்கும் எங்கள் அம்மா பேசினார், மூக்குக்கண்ணாடியைக் காணவில்லையாம். வாம்போவில் அவர்கள் வீட்டில் இருப்பதை துவாஸில் சைக்கிள் ஓட்டுபவள் கண்டுபிடித்துத் தர வேண்டும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று யோசித்தபோதுதான் என் மூக்கே உடைந்தது.

அவளுடைய எட்டாவது கார் வகுப்பு நடக்கவேண்டிய வாரத்தில்தான் எனக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை. "தாரணி, வந்துடு," என்று போன் செய்தது நான். மூன்று வாரம் தெம்பனிஸில் என் வீட்டில் தங்கி எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கேக் வகுப்பு நின்றது அம்மாவின் முழங்காலுக்காக. டிப்ளோமா நின்றது வெங்கடேஷ் ஷிஃப்ட் வேலைக்கு மாறிய வருஷம், மகள் யாமினிக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அவள் எதையும் பாதியில் விடவில்லை. நாங்கள்தான் ஒவ்வொரு தடவையும் போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறோம். கூப்பிட்டதும் போதாதென்று பட்டப்பெயர் வேறு. வெட்கமாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஏழாவது சுற்றில் அவள் யு-டர்னுக்கு வந்தபோது ஹமீது பாய் கயிற்றுக்கு மேல் எக்கி நின்று கத்தினார். "பிரேக்க விடுங்க தங்கச்சி. மிதிக்கிறத நிப்பாட்டுங்க, அதுவே திரும்பும்."

நானும் கத்தினேன். எனக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் தெரிந்ததைக் கத்தினேன். "பிள்ள தூங்குது தாரணி. சத்தம் போடாத."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. முதலில் ஒன்றும் புரியாத முகம், பிறகு சட்டென்று ஒரு சிரிப்பு. பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள். மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் பக்கவாட்டில் சாய்ந்தது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சாம்பாரைக் கொட்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டாவது சுற்றில் தூரத்துத் திருப்பத்திலிருந்தும் கீச்சொலி வரவில்லை. ஒன்பதாவது சுற்று முடிந்தபோது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்பது என்றால் சரியாக முக்கால். போன் அடித்தது. எடுக்கவில்லை. பத்தாவது சுற்றில் இன்னும் இரண்டு பேருக்கு விசில், பதினொன்றில் அவளுக்குச் சற்றுப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு விசில். தாரணி அப்போதுதான் பதினோராவது சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டியிருந்தாள். இருபது விநாடி கழித்து முதல் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்து, பந்தயத்தையே முடித்தது.

"அவங்க முடிச்சிட்டாங்க, தங்கச்சியப் புடிக்கல," என்று ஹமீது பாய் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "கடைசி சுத்த தங்கச்சி ஓட்டிக்கலாம் அக்கா."

அந்தக் கடைசிச் சுற்றைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. ஜெயித்தவளைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் தடுப்புகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து முடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரோடு காலியானது. போன் ஐந்தாவது முறை அடித்தது, ஆறாவது முறை அடித்தது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

யு-டர்னில் தனியாக வந்தாள். பிரேக்கைத் தொடாமல் சாய்ந்து திரும்பினாள். முடிவுக் கோடு வரைக்கும் நான் கூடவே ஓடினேன், ஐம்பத்தோரு வயதில், புடவையில். காதைப் பொத்திய அந்தக் கொடிக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

பலகையில் பட்டியல் ஒட்டியதும் போய்ப் பார்த்தேன். முடித்தவர்கள் இருபத்தொன்பது பேர். இருபத்தொன்பதாவது பெயர் தாரணி வெங்கடேஷ். அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே ஒரே வரி எழுதினேன்: "இனிமே யாரும் அவள முக்கால்னு கூப்பிடக் கூடாது. நானும்தான்."

திரும்பி வந்தபோது தாரணி நடைபாதை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கால் நடுங்கியது, மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது, முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி பந்தயத்தைப் பற்றி அல்ல.

"யாராச்சும் போன் பண்ணாங்களா அண்ணி?"

"ஒருத்தரும் பண்ணல," என்றேன். "நீ உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். ஹமீது பாய் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பைக்குள் போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது. பையை எடுத்து மடியில் வைத்து, அது நிற்கும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.