ஹர்க பகதூரைச் சுற்றிய எண்ணெய்க் கோடு

தீபாவளியன்று காலை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. ஆலுவாவிலிருந்து சரக்கு கொண்டுவருகிற லாரிக்காரன் பாலன் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, நம்ம பகதூர் போயிட்டான். நேத்து காலம்பற."

எப்படி என்று நான் கேட்கவில்லை. "காக்காய்க்குச் சோறு வச்சானா?" என்றுதான் கேட்டேன். பாலன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"வச்சான். கெடங்கு மதில்மேல எலை போட்டு வச்சிட்டுத் திரும்பினவன், அப்படியே சரிஞ்சிட்டான். ஆசுபத்திரிக்கு எடுக்கறதுக்குள்ள முடிஞ்சுது. அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

காதோரம் எண்ணெய் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

மட்டாஞ்சேரி பஜாரில் என்னோடு மூட்டைச் சுமடு எடுத்தவர்களுக்கு ஹர்க பகதூர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கு எழுத்து தெரியாததால் எங்கள் சுமட்டுக்காரர் சங்கச் செயலாளர் எழுதிக்கொள்கிறார். அவசரநிலை முடிந்த வருஷம் எங்கள் சுக்குக் கிடங்குக்குக் காவலுக்கு வந்த நேபாளத்துக்காரன் அவன். பூட்டைப் போட்டபின் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். "பூட்டினா போதாது சேட்டா, இழுத்துப் பாக்கணும். எமனும் நல்ல காவல்காரன். ஒரு வாசல் விடாம இழுத்துப் பாத்துட்டுப் போவான்" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். கேட்கிற நமக்குச் சிரிப்பு வராது.

அவர்கள் நாட்டில் தீபாவளி ஐந்து நாள். அதற்குத் திஹார் என்று பெயர். முதல் நாள் காக்காய்க்குச் சோறு, அது எமனுடைய தூதாம். மறுநாள், நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அதே நாளில், அவனுக்கு நாய்த் திருநாள். பஜாரில் திரிகிற சொறிநாய்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெற்றியில் சிவப்பு வைத்து, கழுத்தில் மாலை போட்டு, மத்தி மீனும் சோறும் வைப்பான். முதல் வருஷம் பஜாரே கூடி நின்று சிரித்தது.

"பகதூரே, மாப்பிள்ளை ரெடி, பெண்ணு எவிடே?" என்று சாயாக்கடைக்காரர் கேட்டார்.

"சிரி சேட்டா, நல்லா சிரி. எமன் வீட்டு வாசல்ல இவன்தான் நிப்பான். நீ போற அன்னிக்கு வால் ஆட்டுவானா, கடிப்பானான்னு அப்ப பாரு."

சாயாக்கடைக்காரர் அதற்குப்பின் எந்த நாயையும் கல்லால் அடித்ததில்லை.

ஐந்தாம் நாளான டீகாதான் அவனுக்கு முக்கியம். அன்று அக்காளோ தங்கையோ சகோதரனை உட்காரவைத்து, அவனைச் சுற்றித் தரையில் கடுகெண்ணெயால் கோடு விடுவாள். வாசற்படியில் அக்ரூட் கொட்டையை வைத்துக் கல்லால் உடைப்பாள். நெற்றியில் ஏழு நிறத்தில் பொட்டு வைத்து, வாடாமல்லி மாலை போடுவாள். அந்தக் கோட்டைத் தாண்டி எமன் வரமாட்டான். எண்ணெய் காய்ந்து மாலை வாடும்வரை காத்திருக்க வேண்டும் அவன். கடுகெண்ணெய் லேசில் காயாது, வாடாமல்லி வாடவே வாடாது. ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து இவனுடைய அக்காள் பிறந்தவீட்டுக்கு வரமுடியாமல் போயிற்று. அடுத்த திஹாருக்குள் இவனுடைய அண்ணன் இறந்தான். பின்பு அந்த அக்காளும் போனாள். கோடு போட ஆளில்லாமல்தான் இவன் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தான்.

என் தங்கை காமாட்சி அதே கிடங்கில் சுக்குச் சொத்தை பிரிக்கிறவள். ஒருநாள் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "திதி, எனக்கு எண்ணெ விடுவியா?" என்று கேட்டான். திதி என்றால் அக்காள்.

"எனக்கு உங்க மந்திரம் ஒண்ணும் தெரியாதேப்பா."

"மந்திரம் வேண்டா. நீ சுத்தி வந்தா போதும்."

பத்து வருஷம் சுற்றி வந்தாள். காவலை விட்டு அவன் நகர முடியாது என்பதால், கிடங்கின் முன்தளத்திலேயே நடக்கும். கடுகெண்ணெயும் அக்ரூட்டும் குஜராத்தித் தெருவிலிருந்து அவனே வாங்கி வருவான்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை காமாட்சியைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் காமாட்சி கோடு விட்டு முடித்தபின், அவன் மாலையும் பொட்டுமாக வாசல் பக்கம் போயிருந்தான். ஏற்றுமதிச் சரக்கு இறங்க வேண்டிய நேரம். எண்ணெய் பட்ட சுக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுமடு எடுத்து வருகிறவன் வழுக்கினாலும் இடுப்பு போய்விடும். ஒரு பழஞ்சாக்கை எடுத்து அந்த வட்டத்தை நான் துடைத்தேன். அரை நிமிஷ வேலை. துடைத்து முடித்தபிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

அதன்பின் அவனை நிம்மதியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. தை மாதம் ஏணியிலிருந்து விழுந்தான். கையில் சிராய்ப்போடு தப்பினான். மழைக்காலத்தில் இரண்டு வாரம் காய்ச்சல். கஞ்சி கொண்டுபோனபோது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் சேட்டா பயப்படறே? திதி எண்ணெ விட்டிருக்கு. ஒண்ணும் வராது."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கஞ்சி ஆறுகிறது, குடி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆவணியில் முதலாளி அவனை ஆலுவாக் கிடங்குக்கு அனுப்பினார். போட் ஏறும்போது, "டீகாவுக்கு வந்திடுவேன், திதிகிட்ட சொல்லு" என்றான். நான் நாளை எண்ண ஆரம்பித்தேன். திஹார் வந்துவிட்டால் புதுக்கோடு விழும், என் தப்பு அதோடு போகும் என்று ஒரு கணக்கு. நான்கு நாள் பாக்கி இருந்தபோது போய்விட்டான்.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் காமாட்சி என் வீட்டுக்கு வந்தாள். அவன் ஆலுவாவில் இருந்ததால் இந்த வருஷம் அவளே அவனுக்காக வாங்கி வைத்திருந்த எண்ணெய், அக்ரூட், கட்டி வைத்த மாலை எல்லாம் பையில் இருந்தன. அவளிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணா. சாயங்காலம் சாக்கு மடிக்கிறப்ப ஒண்ணுல கடுகெண்ண வாசன வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவன் பயத்துலயே செத்திருப்பான். மறுபடி விடலாம்னா, ஏன்னு கேப்பான்." பையிலிருந்து எண்ணெயை எடுத்தாள். பிறகு, "உக்காரு" என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக உட்கார்ந்தேன். எங்கள் வழக்கத்தில் இல்லாத ஒன்று. அவள் என்னைச் சுற்றி வரும்போது எண்ணெய் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அவனுக்கென்று வாங்கிய அக்ரூட் ஒரே அடியில் உடைந்தது. அந்தச் சத்தத்தில், வாசலில் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தேன். வெயில்தான் கிடந்தது.

மாலை ஆணியில் தொங்குகிறது, நிறம் மாறவில்லை. பூட்டை நானும் இப்போது இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறேன். ஹர்க பகதூர் தன் வாழ்நாளெல்லாம் சுமந்த பயத்தை எனக்கு விட்டுப் போயிருக்கிறான். தரையில் அந்த வட்டம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். துடைக்க விடமாட்டேன்.